நீச்சல் குளத்துக் குளோரின் எந்த வழியாக நீர்த்தேக்கத்துக்குப் போகும்?

சிங்கப்பூரில் கொண்டோவில், அதாவது தனியார் அடுக்குமாடியில், குடியிருப்பவர்களுக்கு நீச்சல் குளம் தெரியும். அதன் பம்ப் அறை தெரியாது. பெரும்பாலும் அடித்தளத்திலோ, குளத்து மேடைக்குக் கீழேயோ, கார் நிறுத்துமிடத்தின் ஒரு மூலையிலோ பூட்டிய கதவுக்குப் பின்னால் அது இருக்கும். உள்ளே மணல் வடிகட்டிகள், மோட்டார்கள், பக்கத்தில் டிரம்களில் குளோரின் குருணை, கேன்களில் ஆசிட், மூட்டையில் சோடா சாம்பல், ஒரு பாட்டில் பாசிக்கொல்லி. ஒப்பந்த நிறுவனத்தின் ஊழியர் வருவார், திறப்பார், அளந்து போடுவார், பூட்டிக்கொண்டு போவார். நிர்வாகக் குழுக் கூட்டத்தில் குளத்து ஓடு, குளத்து நாற்காலி, குளத்தில் கூச்சல் போடும் பிள்ளைகள் என்று எல்லாம் பேசுவோம். அந்த அறையைப் பற்றி மட்டும் பேச்சே வராது.

வர வேண்டும். அதற்குக் காரணம் அறைக்கு வெளியே ஓடும் வடிகால்.

சிங்கப்பூரின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி. அங்கே பெய்யும் மழை சாலையோர வடிகாலில் இறங்கி, கால்வாய்க்குப் போய், 17 நீர்த்தேக்கங்களில் ஏதோ ஒன்றில் சேர்கிறது. பிறகு சுத்திகரிக்கப்பட்டு நம் வீட்டுக் குழாய்க்கே திரும்பி வருகிறது. 1868இல் மெக்ரிச்சி நீர்த்தேக்கம் கட்டி முடிக்கப்பட்ட காலத்தில் குடிநீர்ப் பாதுகாப்பு என்றால் சுற்றிலும் காட்டை விட்டுவைத்து, ஆட்களை உள்ளே விடாமல் இருப்பதுதான். மத்திய நீர்ப்பிடிப்பு வனப்பகுதியில் இன்றைக்கும் காடு காக்கப்படுகிறது, நடைபாதைகளில் மட்டும் ஆட்கள் போகலாம். ஆனால் காடு போதாமல் போனது. ஊரே நீர்ப்பிடிப்புப் பகுதியாக மாறியது. 2008இல் மரினா அணைக்கட்டு வந்தபோது ஆர்ச்சர்ட் ரோடு, தோ பாயோ, அங் மோ கியோ உட்பட 10,000 ஹெக்டேர் நகர்ப்பகுதியின் மழைநீர் ஒரே நீர்த்தேக்கத்தில் சேரத் தொடங்கியது. 2011இல் பொங்கோல், சிராங்கூன் நீர்த்தேக்கங்கள் சேர்ந்துகொண்டன. தேக்காவில் காய்கறி வாங்கப் போகும்போது கடக்கிறோமே, அந்த ரோச்சோர் கால்வாய்த் தண்ணீரும் கடைசியில் மரினாவுக்குத்தான் போகிறது.

ஆக, குடிநீர் ஆதாரத்துக்குப் பக்கத்தில் ரசாயனம் வைப்பது எப்படி என்ற கேள்வி அப்பர் தாம்சன் ரோட்டிலோ புக்கிட் தீமாவிலோ காட்டோரம் வீடு வைத்திருப்பவர்களுக்கு மட்டும் உரியதன்று. வேறு நாடுகளில் ஆற்றிலிருந்து இத்தனை மீட்டர், கிணற்றிலிருந்து இத்தனை மீட்டர் என்று தூரம் வைத்து விதி எழுதலாம். இங்கே தூரத்தை அளந்து பெரிய பயனில்லை. நீர்த்தேக்கம் ஐந்து கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் அதன் வாய் நம் பம்ப் அறை வாசலில் இருக்கிறது. பார்க்க வேண்டியது வழியை: இந்த அறையில் ஒரு கேன் உடைந்தால் அது எங்கே ஓடும்?

இரண்டு குழாய்கள், இரண்டு ஊர்கள்

சிங்கப்பூரில் மழைநீர் வடிகாலும் கழிவுநீர்க் குழாயும் முற்றிலும் தனித்தனி. சமையலறை, குளியலறை, கழிப்பறைத் தண்ணீர் நிலத்தடிக் கழிவுநீர்க் குழாய் வழியாகச் சுத்திகரிப்பு ஆலைக்குப் போகும். அதில் ஒரு பகுதி நியூவாட்டராக மறுபிறவி எடுக்கும். வடிகாலில் விழுவது எதுவும் அந்த ஆலைகளைத் தொடாது. நேராகக் கால்வாய்க்குப் போய்விடும். எந்தத் தரைத் துளை எந்தக் குழாயோடு சேர்ந்திருக்கிறது என்பது மேலிருந்து பார்த்தால் தெரியாது. இரண்டுக்கும் மூடி ஒரே மாதிரிதான் இருக்கும்.

பம்ப் அறையில் குறைந்தது மூன்று இடங்களில் இந்தக் கேள்வி வரும். முதலாவது, வடிகட்டியைத் தலைகீழாக அலசும்போது வெளியேறும் அழுக்குத் தண்ணீர். அது கழிவுநீர்க் குழாய்க்குத்தான் போக வேண்டும். கட்டடம் ஒழுங்காகக் கட்டப்பட்டிருந்தால் அப்படியே போகும். இரண்டாவது, தரையில் இருக்கும் வடிதுளை. மூன்றாவதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள்: அடித்தளத்து அறை என்றால் தரையில் ஒரு சேகரிப்புக் குழியும் அதற்குள் தானியங்கி பம்பும் இருக்கும். குழியில் தண்ணீர் ஏறினால் மிதவை தூக்கும், பம்ப் ஓடும், மேலே எங்கேயோ கொண்டுபோய்த் தள்ளும். மழைநீர் கசிவுக்காக வைத்த குழி என்றால் அந்த 'எங்கேயோ' பெரும்பாலும் வடிகால்தான். நள்ளிரவில் திரவக் குளோரினான ஹைப்போகுளோரைட் கேன் ஒன்று விரிசல் விட்டால், காலையில் யாராவது கதவைத் திறப்பதற்குள் கட்டடமே அதைத் தானாக வெளியேற்றி முடித்திருக்கும். தரையில் ஈரத்தைத் தவிர வேறொன்றும் மிஞ்சியிருக்காது.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய நிபுணர் தேவையில்லை. கட்டட வரைபடம் நிர்வாக முகவரிடம் இருக்கும். அது கிடைக்காவிட்டால் பிளம்பரை அழைத்து, ஒரு வாளித் தண்ணீரில் உணவு வண்ணம் கலந்து துளையில் ஊற்றி, எந்த ஆய்வுத் தொட்டியில் நிறம் வருகிறது என்று பார்த்துவிடலாம். அரை மணி நேர வேலை. இதைச் செய்யாமல் விலை உயர்ந்த சேமிப்பு அலமாரி வாங்கி வைப்பதில் அர்த்தமில்லை.

குளோரின்தானே, குடிநீரிலும் இருக்கிறதே?

நியாயமான கேள்விதான். குழாய்த் தண்ணீரைக் கிருமியில்லாமல் வைத்திருப்பதும் குளோரின் குடும்பத்துச் சரக்குதான். ஒரு டிரம் கொட்டிவிட்டால் நீர்த்தேக்கம் நஞ்சாகிவிடும், நாளைக்கு ஊரே படுத்துவிடும் என்று பயமுறுத்துவதில் எனக்கு நம்பிக்கையில்லை. கட்டற்ற குளோரின், அதாவது எதோடும் சேராமல் தண்ணீரில் மிஞ்சியிருப்பது, வெயிலில் சிதையும், இலைதழை, சேறு, பாசி என்று கண்டதோடெல்லாம் வினைபுரிந்து தீர்ந்துபோகும். அது போக, நீர்த்தேக்கத்துத் தண்ணீர் நேராக வீட்டுக்கு வருவதில்லை. நடுவில் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது.

சிக்கல் நீர்த்தேக்கத்துக்கு முந்திய கால்வாயிலேயே தொடங்கிவிடுகிறது. நமக்குக் குளத்தில் ஒரு லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் குளோரின் இருந்தால் குளிக்க நன்றாக இருக்கும். மீனுக்கு அது நூறு மடங்கு அதிகம். நன்னீர் உயிரினங்கள் குறுகிய நேரம் தாங்கக்கூடிய அளவாக அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 0.019 மில்லிகிராம். 40 கிலோ டிரம் ஒன்றில் 65 சதவீத வலுவுள்ள குளோரின் குருணை (கால்சியம் ஹைப்போகுளோரைட்) இருந்தால் அதில் 26 கிலோ குளோரினுக்குச் சமமான சரக்கு இருக்கிறது. வழியில் எதுவும் சிதையவில்லை என்று வைத்துக்கொண்டால், அதை அந்த வரம்புக்குக் கீழே கொண்டுவர சுமார் 13.7 லட்சம் கன மீட்டர் தண்ணீர் வேண்டும். ஏறக்குறைய 550 ஒலிம்பிக் நீச்சல் குளங்கள். உண்மையில் நிறையவே சிதையும், எனவே இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனாலும் மழையில்லாத நாளில் கால்வாயின் நடுவே ஓடும் அந்த ஒல்லியான ஓடையில் மீன் மிதக்க ஒரு டிரம் தேவையே இல்லை என்பது புரிந்துவிடும்.

இன்னொன்று இருக்கிறது. 1974இல் ரோட்டர்டாம் குடிநீர் நிலையத்தில் வேலைபார்த்த யோகன்னஸ் ரூக் என்ற வேதியியலாளர், தண்ணீரில் இயற்கையாக இருக்கும் கரிமப் பொருளோடு குளோரின் சேரும்போது குளோரோஃபார்ம் போன்ற ட்ரைஹாலோமீத்தேன்கள் என்ற தீங்கான துணைப்பொருள்கள் உருவாவதைக் காட்டினார். அதற்குப் பிறகுதான் கரிமப் பொருளை முதலில் நீக்கு, பிறகு குளோரின் போடு என்ற ஒழுங்குக்கு உலகெங்கும் அழுத்தம் கூடியது. கால்வாயில் குளோரின் கொட்டுவது அந்த ஒழுங்கைத் தலைகீழாக்குவது.

குளோரினைவிட எனக்கு அதிகக் கவலை தருபவை சிதையாத சரக்குகள். பாசிக்கொல்லியாகப் போடும் காப்பர் சல்ஃபேட்டில் இருக்கும் செம்பு எங்கேயும் போகாது. வண்டலில் படிந்து கிடக்கும். வெயிலில் குளோரின் சிதையாமல் காக்கும் சயனூரிக் அமிலமும் எளிதில் மறையாது. அப்புறம் உப்பு. இப்போது பல தனி வீடுகளிலும் கொண்டோக்களிலும் உப்புநீர்க் குளம் நாகரிகமாகிவிட்டது. 'இயற்கையானது, குளோரினே இல்லை' என்று விற்பனையாளர் சொல்வார். இது உண்மையில்லை, உப்பிலிருந்து மின்சாரத்தால் குளோரினைத்தான் எடுக்கிறார்கள். அந்தத் தண்ணீரில் லிட்டருக்கு 3,000 முதல் 4,000 மில்லிகிராம் உப்பு இருக்கும், அதாவது 1,800 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு. குடிநீருக்குப் பயன்படும் நீரோடைகளில் தொழில் கழிவுநீரை விடுவதற்கு சிங்கப்பூர் விதி வைத்திருக்கும் குளோரைடு வரம்பு 250 மில்லிகிராம். கட்டற்ற குளோரினுக்கு 1 மில்லிகிராம், செம்புக்கு 0.1, பிஎச் 6 முதல் 9 வரை. குளத்தைக் காலி செய்து வடிகாலில் திறந்துவிட நினைப்பவர் இந்த எண்களை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. உப்பை எடுக்கும் வசதி கடல்நீர் ஆலைகளிலும் நியூவாட்டர் ஆலைகளிலும்தான் இருக்கிறது. சாதாரண நீர்த்தேக்கச் சுத்திகரிப்பு உப்பை எடுக்காது.

மழைதான் எதிரி

வேறு ஊர்களில் எழுதிய சேமிப்புக் கையேடுகள் 'குளிர்ச்சியான, உலர்ந்த, காற்றோட்டமான இடம்' என்று ஒரு வரியில் முடித்துவிடுகின்றன. சிங்கப்பூரில் அந்த மூன்றும் ஒரே இடத்தில் இலவசமாகக் கிடைக்காது. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை, சராசரி ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டும், பகல் வெப்பம் 31, 32 டிகிரி. குளத்து ரசாயனங்களுக்கு இதைவிடப் பொருந்தாத தட்பவெப்பம் கிடையாது.

குளோரின் குருணையும் மாத்திரையும் தண்ணீரில் போடுவதற்காகவே செய்யப்பட்டவை. ஆனால் நிறையத் தண்ணீரில் கொஞ்சம் போட வேண்டும். கொஞ்சம் தண்ணீர் நிறையக் குருணைமேல் விழுந்தால் கதை மாறிவிடும். சூடேறும், குளோரின் வாயு கிளம்பும், பக்கத்தில் எரியக்கூடியது இருந்தால் தீப்பிடிக்கும். 2020 ஆகஸ்ட் 27 அன்று லாரா சூறாவளி அமெரிக்காவின் லேக் சார்ல்ஸ் நகருக்கு அருகே பயோலேப் நிறுவனத்தின் கிடங்குக் கூரையைப் பெயர்த்தது. உள்ளே இருந்த ட்ரைகுளோர், அதாவது குளோரின் மாத்திரை செய்யும் சரக்கின்மேல் மழை விழுந்தது, கிடங்கு எரிந்தது. 2024 செப்டம்பர் 29 அன்று அதே நிறுவனத்தின் காணியர்ஸ் கிடங்கிலும் தண்ணீர் பட்டதால் ட்ரைகுளோர் சிதைந்து தீப்பிடித்தது. சுமார் 17,000 பேரை வெளியேற்ற வேண்டியதாயிற்று. அவை லட்சக்கணக்கான கிலோ வைத்திருந்த கிடங்குகள். நம் பம்ப் அறையில் இருப்பது சில டிரம்கள். அளவு வேறு, வேதியியல் ஒன்றுதான்.

அதனால் டிரம்மைத் தரையில் நேராக வைக்காமல் பிளாஸ்டிக் பலகைமேல் ஏற்றி வைக்க வேண்டும். மரப்பலகை வேண்டாம், மரம் எரியும் பொருள். மேலே குளிரூட்டிக் குழாயோ வடிகுழாயோ போகிறதா என்று நிமிர்ந்து பார்க்க வேண்டும். வியர்க்கிற குழாய்க்குக் கீழே குளோரின் டிரம் இருப்பதைப் போன்ற அசட்டுத்தனம் வேறில்லை, ஆனால் இட நெருக்கடியில் அங்கேதான் கொண்டுபோய் வைப்பார்கள். ஈரக் கையோடு, ஈரக் கரண்டியோடு டிரம்முக்குள் போகக் கூடாது. ஒவ்வொரு சரக்குக்கும் தனிக் கரண்டி, உலர்ந்தது, அந்த டிரம்மோடேயே கட்டி வைத்தது.

திரவக் குளோரின், அதாவது சோடியம் ஹைப்போகுளோரைட், வேறு விதத்தில் தொல்லை தரும். அது எரியாது, ஆனால் நிற்கவும் நிற்காது. வெப்பம் 10 டிகிரி கூடினால் அது சிதையும் வேகம் மூன்று மடங்குக்கு மேல் கூடும். 12 சதவீதக் கரைசல் இங்குள்ள சூட்டில் சில வாரங்களிலேயே குறிப்பிடத்தக்க வலுவை இழந்துவிடும். சிதையும்போது ஆக்சிஜன் வெளிவரும். அதற்காகத்தான் அந்தக் கேன்களின் மூடியில் மூச்சுத் துளை இருக்கிறது. கசிகிறது என்று நினைத்து மூடியை மாற்றி இறுக்கிவிட்டால் கேன் உப்பும், ஒரு நாள் வெடிக்கும். மொத்தமாக வாங்கினால் தள்ளுபடி என்று ஆறு மாதச் சரக்கை இறக்கி வைக்கும் நிர்வாகக் குழு, வலுவிழந்த உப்புத் தண்ணீரைக் காசு கொடுத்துப் பாதுகாக்கிறது. குறைவாக வாங்கு, அடிக்கடி வாங்கு: பணத்துக்கும் நல்லது, வடிகாலுக்கும் நல்லது.

ஒன்றுக்கொன்று ஆகாதவை

ஒரே கூட்டுக் குடும்பத்தில் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள் மாதிரி இந்தச் சரக்குகள். ஹைட்ரோகுளோரிக் ஆசிடும் ஹைப்போகுளோரைட்டும் சேர்ந்தால் குளோரின் வாயு. இது பலருக்குத் தெரியும். கால்சியம் ஹைப்போகுளோரைட்டும் ட்ரைகுளோரும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது அவ்வளவு பேருக்குத் தெரியாது. இரண்டுமே 'குளோரின்' என்று அழைக்கப்படுவதால், ஒன்று தீர்ந்ததும் மற்றதை அதே பெட்டியில் போட்டுவிடுகிறார்கள். ஒன்று காரம், மற்றது அமிலத்தன்மை கொண்டது. ஈரத்தோடு சேர்ந்தால் நைட்ரஜன் ட்ரைகுளோரைடு என்ற வெடிக்கும் பொருள் உருவாகும். மாத்திரைப் பெட்டிக்குள் குருணையைப் போட்டு வெடித்த விபத்துகள் நீச்சல் குளத் தொழிலில் பழகிப்போன செய்தி.

ஆசிட் கேனின் ஆவி மூடிய அறையில் என்ன செய்யும் என்று தெரிய, அலமாரி ஆணியைப் பார்த்தால் போதும். துருப்பிடித்து உதிரும். மின்பெட்டியின் இணைப்பும் அப்படித்தான் அரிக்கும். ஆசிட்டுக்குத் தனி அறை வைக்க முடிந்தால் நல்லது. முடியாத பழைய கட்டடங்களில் குறைந்தபட்சம் எதிரெதிர் மூலையில், தனித்தனித் தடுப்புத் தட்டுகளில் வைக்க வேண்டும். இரண்டு கசிவும் ஒரே குழியில் சந்திக்கக் கூடாது. திரவத்தை மேல் தட்டிலும் குருணையைக் கீழ்த் தட்டிலும் அடுக்குவது இடம் மிச்சம் என்று தோன்றும்; ஒரு கேன் ஒழுகினால் எங்கே சொட்டும் என்று யோசித்தால் தோன்றாது.

குளோரின் வாயு காற்றைவிட இரண்டரை மடங்கு கனம். கீழே இறங்கித் தேங்கும். அடித்தள பம்ப் அறையில் அது வெளியேற வழியில்லாமல் முழங்காலிலிருந்து மேலே ஏறும். கார் நிறுத்துமிடமும் அதே மட்டத்தில்தான் இருக்கிறது. மூக்கில் ஏறியதும் உள்ளே போய்ப் பார்க்கும் வீரம் வேண்டாம். கதவைச் சாத்திவிட்டு மேலே போய் 995க்கு அழைக்க வேண்டும். குடிமைத் தற்காப்புப் படையிடம் இதற்கென்று உடையும் ஆளும் இருக்கிறார்கள்.

சுவரில் மாட்டியிருக்கும் தீயணைப்பான் பற்றியும் ஒரு வார்த்தை. கட்டடங்களில் சாதாரணமாக இருக்கும் ஏபிசி உலர்தூள் வகையில் அம்மோனியம் உப்பு இருக்கிறது. அம்மோனியமும் குளோரின் சரக்கும் சேர்ந்தாலும் அதே நைட்ரஜன் ட்ரைகுளோரைடுதான். பம்ப் அறைக் கதவுக்குப் பக்கத்தில் அந்தச் சிவப்பு உருளையைக் கண்டால், பாதுகாப்புத் தணிக்கையில் டிக் போட்டவர் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை என்று அர்த்தம். உங்கள் சரக்கின் பாதுகாப்புத் தரவுத் தாளில் எதைக் கொண்டு தீயை அணைக்க வேண்டும் என்று எழுதியிருக்கும். அதைப் படித்துவிட்டு மாட்டுங்கள்.

தடுப்புச் சுவரும் அதன் ஓட்டையும்

கசிவைத் தடுக்க உலகெங்கும் வழக்கில் இருக்கும் வழி, கேன்களைச் சுற்றி ஒரு தொட்டி கட்டுவது. மிகப் பெரிய கேனின் கொள்ளளவில் 110 சதவீதம் பிடிக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. சின்ன அறைக்கு பிளாஸ்டிக் தடுப்புத் தட்டு போதும்.

ஆனால் தொட்டி கட்டியதோடு வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் 2014 ஜனவரி 9 அன்று மேற்கு வர்ஜீனியாவின் சார்ல்ஸ்டனில் நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும். எல்க் ஆற்றங்கரையில் ஃப்ரீடம் இண்டஸ்ட்ரீஸ் என்ற நிறுவனத்தின் தொட்டி ஒன்று அரித்துப்போய், நிலக்கரி கழுவும் ரசாயனம் கசிந்தது. சுற்றித் தடுப்புச் சுவர் இருந்தது. அதில் விரிசலும் இருந்தது. அந்த வழியாகவே ரசாயனம் ஆற்றில் இறங்கியது. இரண்டரை கிலோமீட்டர் கீழே குடிநீர் எடுக்கும் இடம். சுமார் 3 லட்சம் பேர் குழாய்த் தண்ணீரைக் குடிக்கவோ, சமைக்கவோ, குளிக்கவோ முடியாமல் நாள்கணக்கில் திண்டாடினார்கள். தடுப்பு இருந்த இடத்தில்தான் இது நடந்தது.

நம் ஊரில் தடுப்புக்கு வரும் நோய் வேறு. கூரையில்லாத இடத்தில் கட்டினால் இரண்டு நாள் மழையில் தொட்டி தண்ணீரால் நிரம்பிவிடும். அப்புறம் கசிவுக்கு இடமேது? தண்ணீர் தேங்கினால் கொசு வரும், தேசியச் சுற்றுப்புற அமைப்பின் டெங்கி அதிகாரி வருவார் என்ற பயத்தில் யாரோ ஒருவர் அடியில் வால்வு வைத்து அதைத் திறந்தே விட்டிருப்பார். பயம் சரிதான், வழிதான் தவறு: கசிவும் அந்த வால்வு வழியாகவே வெளியேறிவிடும். கூரைக்கு உள்ளே வைத்தால் இரண்டு பிரச்சினையும் இல்லை.

தீப்பிடித்தால் இன்னொரு சிக்கல். 1986 நவம்பர் 1 அன்று சுவிட்சர்லாந்தின் பாசல் நகருக்கு அருகே சாண்டோஸ் நிறுவனத்தின் கிடங்கு எரிந்தது. ரைன் ஆற்றில் விலாங்கு மீன்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது தீ அல்ல, தீயணைக்க அடித்த தண்ணீர். பூச்சிமருந்துகளையும் சிவப்புச் சாயத்தையும் கரைத்துக்கொண்டு அது வடிகால் வழியே ஆற்றில் இறங்கியது. ஆறே சிவந்து போனது. நம் பம்ப் அறைக்குள் அவ்வளவு சரக்கு இல்லை. இருந்தாலும் வடிகால் மூடியை அடைக்க ஒரு ரப்பர் பாய் கதவோரம் சுருட்டி வைத்திருப்பது பெரிய செலவில்லை.

சிறு கொட்டலுக்கும் இதே கணக்குதான். குளத்து வேலையில் பல வருடம் இருக்கும் புதுக்கோட்டைக்காரத் தம்பி ஒருவர் என்னிடம் சொன்னது: "ஹோஸ் புடிச்சு அடிச்சு விட்டாப் போயிடும்ணே." போகத்தான் செய்யும், எங்கே போகும் என்பதுதான் இவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருப்பது. குருணை கொட்டினால் உலர்வாகவே, அதற்கென்று வைத்த சுத்தமான முறத்தில் அள்ள வேண்டும். அள்ளியதைப் பழைய டிரம்மில் திருப்பிப் போடக் கூடாது, குப்பைத் தொட்டியிலும் கூடாது. தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்திருந்தால் மணிக்கணக்கில் கழித்துத் தீப்பிடிக்கும். சுத்தமாக இருந்தால் குளத்துத் தண்ணீரிலேயே அளவாகக் கரைத்துவிடலாம். திரவம் கொட்டினால் மணல் போட்டு அணைகட்ட வேண்டும். மரத்தூள், பழைய துணி, செய்தித்தாள் எதுவும் ஆகாது.

அந்தத் தம்பியைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. டிரம்மின் மேல் இருப்பது ஆங்கிலமும் சீனமும். சிங்கப்பூர் தரநிலை எஸ்எஸ் 586இன் படி சிவப்புச் சாய்சதுரத்துக்குள் படங்கள் இருக்க வேண்டும்: வட்டத்தின்மேல் தீ என்றால் எரிதலைத் தூண்டும், கையை அரிக்கும் துளி என்றால் அரிக்கும், செத்த மீனும் பட்ட மரமும் என்றால் நீர்நிலைக்கு ஆகாது. படத்துக்கு மொழி வேண்டாம்தான். ஆனால் படத்தை யாராவது ஒருமுறை உட்கார்ந்து விளக்க வேண்டும். பெரிய டிரம்மிலிருந்து சின்ன டப்பாவுக்கு மாற்றும்போது படமும் பெயரும் தொலைந்துவிடுகின்றன. மினரல் வாட்டர் பாட்டிலில் ஆசிட் வைத்திருக்கும் பம்ப் அறைகள் இந்த ஊரில் இல்லை என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். தமிழும் வங்காளமும் எழுதிய ஒட்டுத்தாளைக் கணினியில் அடித்து லேமினேட் செய்ய ஒரு மாலைப்பொழுது போதும். நிர்வாகக் குழுவில் இருக்கும் தமிழர்கள் செய்யக்கூடிய வேலை.

பெயர் இல்லாததால் வந்த பெரிய விபத்துகள் தேர்ந்தவர்கள் நடத்திய ஆலைகளிலேயே நடந்திருக்கின்றன. 1988 ஜூலை 6 அன்று இங்கிலாந்தின் கேமல்ஃபோர்டில் ஒரு மாற்று ஓட்டுநர் 20 டன் அலுமினியம் சல்ஃபேட்டைக் குடிநீர் நிலையத்தின் தவறான தொட்டியில் இறக்கிவிட்டுப் போனார். சுமார் 20,000 பேரின் குழாயில் அது வந்தது. நீச்சல் குளத்துக் கலங்கலைத் தெளியவைக்கப் போடும் படிகாரக் குடும்பத்துச் சரக்குதான் அது. 2016 அக்டோபர் 21 அன்று கான்சஸின் அட்சிசனில் சல்ஃப்யூரிக் ஆசிடை ஹைப்போகுளோரைட் தொட்டியின் குழாயில் பொருத்திவிட்டார்கள். இரண்டு குழாய்களின் வாயும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே மாதிரி. ஊர்மேல் பச்சை மேகம் எழுந்தது, 140க்கும் மேற்பட்டோர் மருத்துவ உதவி தேடினார்கள். தானியங்கி மருந்தூட்டும் கருவி உள்ள கொண்டோ குளங்களில் ஆசிட் தொட்டியும் குளோரின் தொட்டியும் இப்படித்தான் அக்கம்பக்கமாக நிற்கின்றன. சரக்கு இறக்கும்போது ஒப்பந்தக்காரரின் ஆள் ஒருவர் கட்டாயம் உடன் நிற்க வேண்டும், மூடிகளுக்கு வெவ்வேறு பூட்டு வேண்டும். இந்தக் கருவியில் இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள்: குளத்துச் சுழற்சி மோட்டார் நின்றால் மருந்தூட்டும் பம்பும் தானாக நிற்கிறதா? நிற்காவிட்டால் இரண்டும் குழாய்க்குள்ளேயே கலந்து, மோட்டார் திரும்ப ஓடும்போது குளத்துக்குள் வாயுவாக வரும்.

கடைசியாக, பழைய சரக்கு. ஒப்பந்த நிறுவனம் மாறும்போது முந்தியவர் விட்டுப்போன டிரம்கள், கட்டியாகிப்போன குருணை, பெயர் அழிந்த கேன்கள் மூலையில் சேர்ந்துகொண்டே இருக்கும். வடிகாலில் கூடாது என்றதும் பலரும் கழிப்பறையில் ஊற்றலாமே என்கிறார்கள். அதுவும் கூடாது. கழிவுநீர்க் குழாயில் தொழில் ரசாயனத்தை விட பொதுப் பயனீட்டுக் கழகத்தின் அனுமதி வேண்டும். அந்தக் குழாயின் மறுமுனையில் நுண்ணுயிர்கள் வேலை செய்கின்றன, ஆட்கள் இறங்கிப் பழுதுபார்க்கிறார்கள். என்னவென்று தெரிந்த, நல்ல நிலையில் உள்ள சரக்கைக் குளத்திலேயே பயன்படுத்தித் தீர்ப்பதுதான் மலிவான வழி. தெரியாததையும் கெட்டுப்போனதையும் நச்சுத் தொழிற்கழிவு சேகரிக்க தேசியச் சுற்றுப்புற அமைப்பின் உரிமம் பெற்ற நிறுவனத்திடம் கொடுக்க வேண்டும். அதற்குக் காசு கேட்பார்கள். ஒப்பந்தம் முடியும் நாளில் மிச்சச் சரக்கை எடுத்துப்போவது ஒப்பந்தக்காரரின் பொறுப்பு என்று அடுத்த டெண்டரிலேயே ஒரு வரி எழுதிவிட்டால் அந்தச் செலவும் இல்லை.